பதினாலாவது வரிசை, ஒன்பதாவது மரம்

பரஞ்சோதிக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. மை சொட்டிய காகிதத்தைக் கண்டால் முகம் சுளிப்பான். ரப்பர்ப் பால் புளித்த வாடை காற்றில் வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தர்மலிங்கம் வெற்றிலை குதப்பிக்கொண்டே விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புத்தகம் புரட்டுவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது. உண்மையிலேயே அருவருக்க வேண்டிய சங்கதி இரண்டு வருஷமாக அதே ஆபீசில், அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

பினாங்குக்கு வடக்கே, செமிலிங்குக்கு அப்பால் ஏழாவது மைல்கல்லில் பிரிகிற செம்மண் பாதையின் கோடியில் இருந்ததால் அதற்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். இங்கிலீஷில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சீமையில் பங்கு வைத்திருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பெரிய சண்டை முடிந்த மறு வருஷம் பரஞ்சோதி அங்கே சின்னக் கிராணியாக வந்து சேர்ந்தான். பினாங்கில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வேலை கிடைத்தது படிப்புக்காக அல்ல, கையெழுத்துக்காக. விண்ணப்பத்தைப் பார்த்த துரை, இந்தக் கை எனக்கு வேண்டும் என்றாராம். வந்த அன்றே தர்மலிங்கம் இதை அவனிடம் சொன்னார், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

துரைக்கு அந்தக் கை வேண்டியிருந்தது மரப் புத்தகத்துக்காக. ஓடையை ஒட்டிய சரிவில் எண்ணூறு மரங்களை அவர் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்து வந்தார். எந்த விதை அதிகப் பால் கொடுக்கும் என்று சோதித்துப் பார்க்கிற தோப்பு அது. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் புத்தகத்தில் ஒரு வரி. நட்ட தேதி, பட்டையின் கனம், சீக்கு வந்தால் என்ன சீக்கு, பட்டுப்போனால் என்ன காரணம், எல்லாம் அதில் ஏறும். தோல் அட்டை, பக்கங்களுக்கு அச்சிட்ட எண், கடைசியில் தேடிப் பார்க்க ஓர் அட்டவணை, அதற்கும் பின்னால் கொஞ்சம் வெற்றுத்தாள். அடித்தல் திருத்தல் கூடாது, ஒரு தாள் குறையக் கூடாது என்பது உத்தரவு. சனிக்கிழமைதோறும் துரையே உட்கார்ந்து பக்கங்களை எண்ணுவார். அந்தப் புத்தகத்துக்கென்று தனியாகக் கண்ணாடி அலமாரி, கரையான் ஏறாதிருக்க அலமாரிக் கால்களுக்கு மண்ணெண்ணெய்க் கிண்ணம்.

ஆட்களுக்கும் ஒரு புத்தகம் இருந்தது. செக்ரோல் என்பார்கள். மாதத்துக்கு ஒன்று. கங்காணி வாரியாக எண், எண்ணுக்கு நேராகப் பெயர், பெயருக்கு நேராக நாளுக்கு ஒரு கட்டம். மாதம் முடிந்ததும் சணல் கயிற்றில் கட்டி அரிசி ஸ்டோர் மூலையில் போட்டுவிடுவார்கள். எலி கடித்தது போக மிச்சத்தைக் கருவாட்டுக் கூடைக்கு அடியில் விரிப்பார்கள். அதில் ஓர் ஆளைத் தேட வேண்டுமானால் எந்தக் கங்காணி, என்ன எண், எந்த மாதம் என்று மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் தெரிந்தவன் எதற்காகத் தேடப் போகிறான்? மரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மூச்சு போதும். மனுஷனைக் கண்டுபிடிக்க ஒரு ஜன்மம் வேண்டும். பரஞ்சோதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தாள் அழுக்காகிறதே என்று மட்டும் வருத்தப்பட்டான்.

மார்கழி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, செமிலிங் கடைக்காரர் ஜபருல்லா ராவுத்தரின் மாட்டுவண்டி அரிசி மூட்டைகளோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் துணி மூட்டை. ராவுத்தர் அவளைத் தர்மலிங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, நாளை உச்சிக்கு வண்டி திரும்பும், அதற்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு தாயி என்று சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் போனார்.

அவள் பெயர் இராசாத்தி. கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவள். மூன்று நாள் வண்டி மாறி மாறி வந்திருந்தாள். தம்பி கொளஞ்சியும் அவளும் விருத்தாசலத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். பினாங்கில் இறங்கியதும் கங்காணிமார் ஆளுக்கொரு பக்கம் பிரித்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் வருஷம் யாரையோ பிடித்து இரண்டு கடுதாசி எழுதிப் போட்டிருந்தான். பிறகு இல்லை. இப்போது தை பிறந்தால் அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமன் இருக்கும்போது வேறு மடி தேடினால் ஊர் சிரிக்கும், பிள்ளைக்கும் ஆகாது. அதற்குத்தான் வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் மூட்டையில் கட்டிக்கொண்டு முறைப்படி அழைக்க வந்திருந்தாள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கங்காணி பெயர் சின்னையா என்பது மட்டும் கடுதாசியிலிருந்து அவளுக்கு நினைவிருந்தது.

தர்மலிங்கம் விரலை நக்கி நான்கு தாள் புரட்டினார். கொளஞ்சி, எண் நூற்றுப் பதினெட்டு, சின்னையா கங்காணி ஆள், இன்று காலையும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் என்றார். இராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். வேலைக்காட்டுக்கு ஆள் போயிற்று.

அரை மணி கழித்து ஒருவன் பால் வாளியோடு வந்து நின்றான். மேலுதட்டில் வெட்டுத் தழும்பு. அவள் அவனைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"கேட்ட ஆளு வந்தாச்சு. பேசு" என்றார் தர்மலிங்கம்.

"இது எந் தம்பி இல்லீங்க."

"நூத்திப் பதினெட்டு இவந்தான். பொஸ்தகத்துல இருக்கு. நீ பாத்து வருஷமாச்சு, மொகம் மறந்துபோச்சு. தோட்டத்து வெயில்ல நின்னா ஆளு மாறத்தான் மாறுவான்."

"கூடப் பொறந்தவன் மொகம் மறக்குமா சாமி? நாந் தூக்கி வளத்த புள்ள."

தர்மலிங்கம் அவளை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினார். உன் பெயர் என்னடா என்றார். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டு, கொளஞ்சிங்க அய்யா என்றான். தர்மலிங்கம் புத்தகத்தை மூடினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பது போல அவளைப் பார்த்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிப் பரஞ்சோதி கேள்விப்பட்டதுண்டு. முழு மனுஷனை மறைப்பதை அன்றுதான் நேரில் பார்த்தான். அதுவும் அக்காவைப் பார்த்து, உன் தம்பி முகம் உனக்கே தெரியவில்லை என்று வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டே சொல்கிறார். அவனுக்குக் குமட்டியது. குமட்டல் வந்தால் கைக்குட்டையை எடுப்பதோடு அவன் வீரம் முடிந்துவிடும்.

இராசாத்தி அழவில்லை. பெரட்டு மணி தொங்குகிற கம்பத்தடியில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியைக் காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

மத்தியானம் பால் நிறுத்து முடிந்ததும், உதட்டில் தழும்புள்ளவன் ஸ்டோருக்குப் பின்னால் பரஞ்சோதியை மறித்தான். தன் சொந்தப் பெயர் பொன்னுரங்கம் என்றான். குருண் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியின் அடி தாங்காமல் ஓடி வந்தவன். ஓடி வந்தவனைப் பிடித்துக் கொடுத்தால் சிறை. சின்னையா கங்காணி அவனை ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இரண்டு நாள் ஒளித்து வைத்து, பிறகு ஆபீசுக்குக் கூட்டி வந்து, இன்று முதல் உன் பெயர் இது, கூப்பிட்டால் குரல் கொடு என்று சொல்லியிருந்தார். யாருக்கும் நட்டமில்லை என்றும் சொல்லியிருந்தார்.

"யாரு பேருன்னு எனக்குத் தெரியாது சாமி. நீங்கதான எழுதுனீங்க. எழுதிட்டு, ஊதி ஊதிக் காய வெச்சீங்க."

பரஞ்சோதிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவன் வேலைக்கு வந்த மூன்றாவது வாரம் முடிகிற சமயம். லயம் லயமாகக் காய்ச்சல். நவம்பர் முதல் தேதி, புதுச் செக்ரோல். நூற்றுப் பதினெட்டாம் வரி முந்தின மாதக் கடைசியில் வெறுமையாக இருக்கிறதே, பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்குத் தர்மலிங்கம், ஆள் வந்துவிட்டான், அதே பெயரில் போட்டுக்கொண்டு போ என்றார். எதிரில் ஒருவன் நின்றிருந்தான். பரஞ்சோதி அந்தப் பெயரை எழுதினான். முதல் எழுத்தின் வளைவு நன்றாக விழுந்திருந்தது. ஊதித்தான் காய வைத்தான்.

நேரே தர்மலிங்கத்திடம் போய்க் கேட்டான். அவருக்குக் கூச்சமே இல்லை. ஒருவன் செத்தான் என்று எழுதினால் சர்க்காருக்குத் தாள் போக வேண்டும். தாள் போனால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் சாக்கடையைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், துரையைக் கேள்வி கேட்பார். சாவு குறைந்த தோட்டம் என்று துரைக்குச் சீமையிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. கங்காணிக்கு ஆள் குறையவில்லை. ஓடி வந்தவனுக்கு ஒளிய ஒரு பெயர் கிடைத்தது. இதில் கெட்டது யார் என்று அவனையே திருப்பிக் கேட்டார். செத்தவனைத் தவிர யாருக்கும் நட்டமில்லைதான். இப்படி எத்தனை வரி என்று பரஞ்சோதி கேட்டான். தர்மலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"நம்பர் சாவாது தம்பி. ஆளுதான் சாவான்."

பரஞ்சோதி வெளியே போய் வேலி ஓரம் வாந்தி எடுத்தான். வாயைத் துடைக்கக் கையைத் தூக்கியவன் விரலில் இருந்த மையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வரை தேடினான். அந்த வருஷத்து அக்டோபர் மாதச் செக்ரோல் ஸ்டோரில் கருவாட்டுக் கூடைக்கு அடியில் கிடைத்தது. எண்ணெய் ஊறி, நாற்றமெடுத்து, செதில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தாள்களை வெறுங்கையால் பிரித்தான். இருபத்திரண்டு வரை வேலை, பிறகு ஆஸ்பத்திரி, இருபத்தேழுக்குப் பின் வெறும் கட்டங்கள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். நூற்றுப் பதினெட்டு, காய்ச்சல், இருபத்தேழு, காலி. காலி என்றது கட்டிலை. கட்டில் காலியானதை எழுதியவன், அதில் கிடந்தவன் எங்கே போனான் என்று எழுதவில்லை. அப்போது மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரெஸ்ஸர் ஊருக்குப் போய்விட்டார். குழி வெட்டியவர்களில் ஒருவன் அடுத்த மாதமே செத்தான், மற்றவன் தோட்டம் மாறிவிட்டான். சின்னையா கங்காணி பல் குத்திக்கொண்டே, ஓடைப் பக்கம் எங்கேயோ, அந்த மாதம் எத்தனையோ குழி என்றார். கோழிக்குஞ்சு காணாமல் போனால்கூட இதைவிட விசாரித்திருப்பார்.

இருட்டுகிற நேரத்தில் இராசாத்தியிடம் போனான். காளியம்மா என்ற லயத்துக்காரி அவளுக்குக் கஞ்சி கொண்டு வந்து வைத்திருந்தாள். தொடாமல் ஈ மொய்த்துக் கிடந்தது. அவனைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்துட்டானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான். தேதியைச் சொன்னான். எந்த இடம் என்று கேட்டாள். ஓடைப் பக்கம் என்று மட்டும் சொன்னான். நாளை உச்சிக்கு வண்டி. விட்டால் அடுத்த வண்டி பதினைந்து நாள் கழித்து, அதற்குள் அவள் தோட்டத்தில் அவள் பெயரையே அடித்துவிடுவார்கள்.

"குழியாச்சும் காட்டு சாமி. எதுன்னு தெரியாம எந்த மண்ணப் பாத்து நான் அழுவறது?"

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அவள் கம்பத்தடியில் நின்றிருந்தாள். பெயர் கூப்பிடுவது பரஞ்சோதியின் வேலை. நூற்றுப் பதினேழு வரை வந்தான். அடுத்த பெயர் வாயில் வரவில்லை. பொன்னுரங்கம் என்று கூப்பிட்டான்.

உதட்டுத் தழும்புக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். ஓடி வந்தவனுக்குச் சொந்தப் பெயர்தான் முதல் எதிரி. பின்னாலிருந்து தர்மலிங்கம் கொளஞ்சி என்று குரல் கொடுத்தார். இருக்கேன் என்றான் அவன். அக்கா கேட்டுக்கொண்டிருக்க, செத்துப் போன தம்பி, இருக்கேன் என்று குரல் கொடுத்துவிட்டுக் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களும் யார் யார் பெயரிலோ இருந்தார்கள் என்பது பரஞ்சோதிக்குப் புரிந்தது.

ஒன்பது மணிக்குத் துரை வந்தார். பதினாலாவது வரிசையில் மறு நடவு செய்த கன்றுகள் எத்தனை என்று கேட்டார். பரஞ்சோதி கண்ணாடி அலமாரியைத் திறந்தான். அட்டவணை, பக்கம், வரிசை. ஒரு மூச்சு. துரைக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தவன் ஒன்பதாவது மரத்தில் நின்றுவிட்டான்.

இங்கிலீஷில், அழகான எழுத்தில் இருந்தது. வரிசை பதினாலு, மரம் ஒன்பது. அக்டோபர் இருபத்தெட்டு. சாய்ந்து பட்டது. காரணம்: கூலி எண் நூற்றுப் பதினெட்டைப் புதைக்கத் தோண்டிய குழியில் ஆணிவேர் அறுந்தது. மறு நடவு, ஜனவரி ஆறு; அதுவும் பட்டு, மூன்றாம் நடவு, இவ்வருஷம் ஜூலை ஆறு.

அவன் எழுதியது. அந்த மரத்துக்காகத் துரை மூன்று நாள் கத்தினார்; யார் வெட்டிய குழி, யாருக்கு வெட்டிய குழி, ஒன்று விடாமல் எழுது என்று பக்கத்தில் நின்று எழுத வைத்தார். அக்டோபர் இருபத்தெட்டில் நூற்றுப் பதினெட்டைப் புதைத்ததாக எழுதிய அதே பேனாவால், நான்கு நாள் கழித்து நவம்பர் ஒன்றில் நூற்றுப் பதினெட்டு வேலைக்கு வந்ததாக எழுதியிருக்கிறான். இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் இரண்டு முழ மேசைதான் இருந்தது. இரண்டு நாளும் எழுத்து எப்படி வந்திருக்கிறது என்றுதான் பார்த்தானே தவிர, எழுதியதைப் படிக்கவில்லை.

துரை தலையாட்டினார். அது நல்ல மரம், பாவம் என்றார். அவர் பாவம் என்று சொல்லிக் கேட்டது பரஞ்சோதிக்கு அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் இராசாத்தியை அழைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். எண் தேட வேண்டியிருக்கவில்லை; வெள்ளைச் சாயம் வரிசை வரிசையாக வழி சொன்னது. எட்டாவது மரத்துக்கும் பத்தாவது மரத்துக்கும் நடுவில் இடுப்புயரக் கன்று ஒன்று தளதளவென்று நின்றது. அதன் தண்டில் ஒன்பது என்று சின்னத் தகரத்தில் எழுதிக் கட்டியிருந்தது. இதுதான் என்றான். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். அவன் மறைக்கவில்லை, மரப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னான்.

"மரம் பட்டுப்போனத எழுதி வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அவன் பேர்ல வேற ஒருத்தன எழுதுனது?"

"அதுவும் நான்தான்."

இராசாத்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். சீக்குப் பிடித்த எதையோ பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. தள்ளி நில் என்றாள். அவன் நான்கு மரம் தள்ளிப் போய் நின்றான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து முகம் சுளித்தவனுக்கு, அந்தச் சுளிப்பை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

அவள் கன்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். மழை ஈரத்தில் வேரோடு வந்தது. தூ என்று துப்பி அதைச் சரிவில் எறிந்தாள். மூட்டையைப் பிரித்து, மாமன் அழைப்புக்குக் கொண்டு வந்த வேட்டியை உதறி அந்த மண்ணின் மேல் கோடித்துணியாகப் போர்த்தினாள். வெற்றிலையையும் பாக்கையும் பழத்தையும் வைத்தாள். பிறகுதான் அழுதாள். பேர் சொல்லி, பேர் சொல்லி அழுதாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அதற்கு உரியவனைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டது அன்றுதான்.

எழுந்தபோது முந்தானையில் இரண்டு கை மண் அள்ளி முடிந்திருந்தாள். இதை மணைப் பலகையில் பரப்பி, அதன் மேல் மகளை உட்கார வைத்துக் காது குத்தப் போவதாகச் சொன்னாள். மாமன் மடிக்கு வேறெங்கே போக என்றாள். வண்டியடிக்கு வந்து ஏறினாள். ஜபருல்லா ராவுத்தர் அவள் முடிச்சைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் மாட்டைத் தட்டினார். வண்டி நகர்ந்தபோது அவள் பரஞ்சோதியைப் பார்த்தாள்.

"எம் பின்னால இன்னொருத்தி வருவா. அவகிட்ட என்ன சொல்லுவ?"

அன்று சாயங்காலமே பரஞ்சோதி மரப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்பதாவது கன்று போனதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு உரியவரின் அக்காள் பிடுங்கினாள் என்று எழுதினான். பிறகு அட்டவணைக்குப் பின்னால் இருந்த வெற்றுத்தாளைத் திறந்து அகர வரிசையில் எழுத்துகளைப் போட்டான். தமிழில். இந்தத் தோட்டத்தில் அழியாத காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செத்தவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் மரங்களோடுதான் கொடுக்க முடியும். நினைக்கவே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினான்.

ஆறு மாதம் ஆயிற்று. கருவாட்டுக் கூடைக்கு அடியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரி வெறுமையாகி நிரம்பிய இடங்களைப் பார்த்து, ஆஸ்பத்திரிப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்து, லயம் லயமாகப் போய் விசாரித்தான். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு காளியம்மா தன் புருஷன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயருக்கு எதிர் லயத்தில் ஒருவன் இப்போதும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெயர், ஊர், தேதி, தெரிந்தால் இடம். நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். இடத்துக்கு மரத்தின் எண்ணைப் போட்டான். மரமில்லாத இடத்துக்கு, ஓடைக் கல்லிலிருந்து இத்தனை அடி என்று போட்டான். இப்போது பெயர் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு மூச்சில் எடுத்துவிடலாம். துரை ஒரு சனிக்கிழமை பக்கம் எண்ணும்போது இது என்ன என்று கேட்டார். தோப்பை நட்டவர்களின் பட்டியல் என்றான் பரஞ்சோதி. துரைக்குப் பரம திருப்தி. பக்கங்கள் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டார்.

தர்மலிங்கத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஒருநாள் துரை இல்லாத நேரத்தில் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் புரட்டினார். விரலை நக்கப் போனவர் நக்காமலே நிறுத்தினார். பெயர், ஊர், தேதி, இடம் என்ற கட்டங்களுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தது. அதன் தலைப்பில் மறைத்து எழுதியவர் என்று இருந்தது. அதற்குக் கீழே, புரட்டப் புரட்ட அவர் கண்ணில் பட்டது தன் பெயர்தான்; தர்மலிங்கம், தர்மலிங்கம் என்று இருபத்தேழு தடவை அழகாக எழுதியிருந்தது.

கிழிக்கக் கை போயிற்று. பக்கத்தின் மூலையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையை நினைத்தார். அடித்தால் திருத்தல், கிழித்தால் குறைவு. மூன்று வருஷமாகத் துரையின் உத்தரவை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய முகம் சுண்டிப்போயிற்று. தன் சோற்றிலேயே மண்ணைப் போட்டுக்கொள்கிறவன் நீ, உனக்கு என்னடா நான் கெடுதல் செய்தேன், என் பெயரை மட்டும் இப்படி நாறடித்திருக்கிறாயே என்றார்.

பரஞ்சோதி புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினான். ஒரு பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தான். அந்தப் பட்டியலில் அவன் முதலில் எழுதிய வரி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கொளஞ்சி, விருத்தாசலம், அக்டோபர் இருபத்தேழு, பதினாலாவது வரிசை ஒன்பதாவது மரம். ஐந்தாவது கட்டத்தில், அந்தப் புத்தகத்திலேயே நன்றாக வந்திருந்த எழுத்தில், பரஞ்சோதி என்று இருந்தது.